கழுத்துப்பட்டியின் உட்புறம்

காத்தான்குடியில் அது கச்சான் காற்று மாதம்.
நாற்பத்து மூன்றாம் ஆண்டு. மிசினுக்குள் மணல்.
கப்டன் வின்யார்ட் வந்து மேசையில் ஒரு காற்சட்டையைப் போட்டார்.
தொடையில் புடைத்து முழங்காலில் இறுகும் சாதி,
உட்பக்கம் மான்தோல் ஒட்டு,
சேணத்தில் உரசி உரசிக் கண்ணாடியாய்ப் போயிருந்தது.
மொழி சொல்ல வந்த பறங்கி பெலிசியான் சொன்னான்:
"குதிரை இல்லையாம் இனி. சாதாரணமாக வெட்டட்டாம்."

வெட்டினேன்.
இடுப்பு முப்பத்து நாலு.
வலது கால் அரை அங்குலம் குட்டை; எங்கேயோ விழுந்திருக்கிறார்.
தையல்காரனிடம் எதை மறைப்பது?

ஊசி ஏறும் வரைக்கும் குதிரைகளைச் சொன்னார்.
பலஸ்தீனத்தில் விட்டுவந்த பதினொன்று.
பதினொன்றுக்கும் பெயர்.
ஒன்றுக்கு இடது காது கிழிசல், ஒன்றுக்கு இடியென்றால் பயம்.

தென்னந்தோப்பில் கூடாரம் அடித்திருந்த
அவருடைய ஆபிரிக்கச் சிப்பாய்களுக்கு மட்டும் இலக்கம்.
நூற்றுப் பத்தொன்பது. நூற்றிருபது.
நாற்பது சேட்டுக்குத் தந்த சிட்டையில்
உயரத்தையும் குதிரைக்குப் போல் கைக்கணக்கில் எழுதியிருந்தார்.

நான் மட்டும் என்ன.
காப்பிரி என்றேன்.
வாசலுக்கு வெளியே நிறுத்திக் கண்ணால் அளந்தேன்,
நாடாவில் வேர்வை படும் என்று.
"வெள்ளைக்காரனுக்கு வேர்க்காதாகா?"
குசினிக்குள் இருந்து றாவியத்தும்மா கேட்டாள்.
கேளாதவன் போல மிசினை மிதித்தேன்.

நாற்பதும் திரும்பி வந்தன.
தோள் பிடிக்கிறதாம்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிந்திப் போனேன்.
கடைசி ஸப்பில் ஒரேயொரு இடம்.
பக்கத்தில் நூற்றுப் பத்தொன்பது.
தக்பீர் கட்டினோம். என் தோள் அவன் புயத்துக்குத்தான் எட்டியது.
ருகூவில் குனிந்தபோது
அவன் முதுகில் டர்ரென்று
நான் தைத்த தையல் விட்டது.
ஸலாம் கொடுக்க முகம் திருப்பினேன்; அங்கே அவன் முகம்.
தொழுகை முடிய நெஞ்சில் கை வைத்து,
"அமீதி" என்றான்.

மறுகா ஒவ்வொருவராய் உள்ளே கூப்பிட்டேன்.
நாடா நெஞ்சைச் சுற்றும்போது
ஆள் மூச்சைப் பிடிப்பான், பிறகு விடுவான்.
கறுப்பனும் அப்படித்தான், கப்டனும் அப்படித்தான்.
அமீதி. தோள் இருபது அங்குலம்.
சிமோம்போ. ஞிரெண்டா. கச்சாலி.
முவாலே, சிரித்துக்கொண்டே இருந்தவன்.
நாற்பது கழுத்துப்பட்டியின் உட்புறத்திலும்
சிவப்பு நூலால் பெயர் தைத்தேன்,
எனக்குத் தெரிந்த எழுத்தில்.

கப்டன் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.
"தமிழ்" என்றான் பெலிசியான்.
"இதை யார் வாசிப்பது?"
"நான் வாசிப்பேன்" என்றேன்.
கோபித்துப் போய்விடுவார் என்று நினைத்தேன்.
முக்காலியை இழுத்து உட்கார்ந்தார்.
நான் கொப்பியைப் பார்த்து வாசிக்க வாசிக்கத்
தன் புத்தகத்தில் எழுதினார்,
ஞிரெண்டாவை இரண்டாந்தரம் கேட்டு,
பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல நாக்கைக் கடித்துக்கொண்டு.

ஒரு விடியற்காலை லொறிகள் கல்லடிப் பாலத்தால் போயின.
வெட்டிய மான்தோலை, செருப்புக்குள் வைக்க என்று
அமீதி முதல்நாளே கேட்டு வாங்கியிருந்தான்.

சண்டை முடிய ஒரு கடிதம் வந்தது. நாலே வரி.
பெலிசியான் வாசித்தான்:
பர்மாவில் ஓர் ஆற்றங்கரை.
காயக்காரரைத் தூக்க வந்த மதராஸ்காரன் ஒருவன்
கழுத்துப்பட்டிகளைத் திருப்பி வாசித்தான்.
ஒன்பது பேரைப் பெயர் சொல்லிப் புதைத்தோம்.
உன் பாக்கி மூன்று ரூபாய் எழுபத்தைந்து சதம் இத்துடன்.

எந்த ஒன்பது என்று இல்லை.
எழுத்தும் அவருடையது இல்லை என்றான் பெலிசியான்,
கீழே கோணலாய் இழுத்த ஒரு கோடு மட்டும் அவர் கை.

அன்றிரவு கொப்பியில் நாற்பதையும் வாசித்தேன்.
யாருக்கு நிறுத்துவது என்று தெரியவில்லை.
றாவியத்தும்மா விளக்கைக் கிட்டத் தள்ளி வைத்தாள்.
வலது கால் அரை அங்குலம் குட்டை என்ற பக்கத்தில்
கடிதத்தை வைத்து மூடினேன்.
காசை எண்ணினேன்.
சரியாக இருந்தது.